எடை சொல்லாததை ஸ்கேன் சொன்னது

மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருக்கும் கல்ஃப்போர்ட் நகரத்தை விட்டு 49ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. சூதாட்ட விடுதிகளும் இறால் படகுகளும் பின்தங்கிவிட, சாலையின் இருபுறமும் பைன் மரங்கள் நெருங்கி வருகின்றன. பிப்ரவரி மாதம். முந்தைய இரவு நல்ல மழை பெய்திருந்தது. சாலையோரப் பள்ளங்களில் எல்லாம் செம்பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. மழை பெய்ததைப் பார்த்து, கூட வந்தவர் வண்டியில் ஏறும்போதே முகம் மலர்ந்திருந்தார். இந்த ஊர் வனத்துறையில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். “குளிர்காலத்தில் மழை இல்லையென்றால் எங்கள் தவளைக்கு அந்த வருஷமே இல்லை” என்றார்.

அவர் சொன்ன தவளைக்கு டஸ்கி கோஃபர் தவளை என்று பெயர். மூன்று அங்குல நீளம், பெரிய தலை, பருத்த உடம்பு, குட்டைக் கால்கள், முதுகெல்லாம் மருக்கள். ஆபத்து நெருங்கினால் முன்கால்கள் இரண்டையும் தூக்கிக் கண்களைப் பொத்திக்கொள்ளும். ஆண் தவளை பாடுவது ஆழ்ந்து தூங்குகிறவரின் குறட்டையைப் போலவே இருக்கும். ஒரு காலத்தில் லூசியானாவின் கிழக்குப் பகுதியிலிருந்து மிசிசிப்பி வழியாக அலபாமாவின் மொபைல் விரிகுடா வரை, வளைகுடாச் சமவெளி நெடுக இது வாழ்ந்தது. அலபாமாவில் 1922க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. லூசியானாவில் கடைசியாகப் பார்த்தது 1965இல். 2001இல் அமெரிக்க அரசு இதை அழியும் தறுவாயில் உள்ள உயிரினமாக அறிவித்தபோது எஞ்சியிருந்தவை ஏறத்தாழ நூறுதான். அவையும் தெற்கு மிசிசிப்பியில் ஒரே ஒரு குளத்தை நம்பி வாழ்ந்தன.

இந்தத் தவளையை மீட்கும் வேலையில் வனத்துறை, உயிரியல் பூங்காக்கள், பல்கலைக்கழகங்கள், நீதிமன்றம் என்று பலரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கிற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஒரு தவளைக்கு எந்த ஹார்மோனை, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தக் கருவி விடை தேடித் தருகிறது. அந்த வேலையைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் தவளையின் வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அது நல்லதாகப் போயிற்று.

எரித்து வளர்க்கும் காடு

டி சோட்டோ தேசிய வனம் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்தது. நெடுஞ்சாலையிலிருந்து விலகி ஒரு மண் பாதையில் சில மைல் போய் வண்டியை நிறுத்தினோம். இறங்கியதும் கரி வாசனை. தரையெல்லாம் கருத்திருந்தது. உயர்ந்த பைன் மரங்களின் அடிப்பட்டை ஆள் உயரத்துக்குக் கருகியிருந்தது. மேலே இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வனத்துறையே திட்டமிட்டு வைத்த தீ இது. இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒரு முறை இப்படி வைக்கிறார்கள்.

நீளிலைப் பைன் என்ற இந்த மரம் நெருப்போடு பிறந்து வளர்ந்தது. முளைத்துச் சில ஆண்டுகள் வரை தண்டு நீட்டாது. புல்லுக்கற்றையாகத் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். அதன் நடுவில் இருக்கும் குருத்தை நீண்ட இலைகள் மூடிக் காப்பதால், தீ மேலாக ஓடிப் போய்விடும். தீ வராவிட்டால் புதர் மண்டும், மற்ற மரங்கள் நிழல் போடும், தரையில் புல் செத்துப்போகும். வர்ஜீனியா முதல் டெக்சாஸ் வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் இருந்த நீளிலைப் பைன் காடுகள் மரவெட்டிலும் விவசாயத்திலும் தீத்தடுப்பிலும் அழிந்து, முன்பிருந்ததில் மூன்று சதவீதம் அளவுக்குச் சுருங்கின.

கூட வந்தவர் ஒரு பழைய அடிமரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து கூப்பிட்டார். மரம் எப்போதோ வெட்டப்பட்டது. அடிக்கட்டை உளுத்து, வேர் ஓடிய தடத்தில் ஒரு பொந்து உள்ளே இறங்கியது. தவளை வருஷத்தின் பெரும்பகுதியை இப்படிப்பட்ட பொந்துகளில்தான் கழிக்கிறது. கோஃபர் ஆமை தோண்டும் வளைகளிலும் குடியிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். குளிர்காலத்தில் கனமழை பெய்ததும் வளையை விட்டு வெளியேறி, மழைநீர் தேங்கிய குட்டையைத் தேடிப் போகும். ஒரு பெண் தவளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒரே கொத்தாக நீர்ச்செடித் தண்டில் ஒட்டிவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடும்.

அவர் அழைத்துப்போன குட்டை முழங்கால் ஆழம்கூட இல்லை. சுற்றிலும் புல், மேலே திறந்த வானம். கோடையில் இது வற்றிவிடும் என்றார். வற்றத்தான் வேண்டும். வற்றாத குளத்தில் மீன் இருக்கும். மீன் இருந்தால் தலைப்பிரட்டைகளை விட்டுவைக்காது. ஆனால் சீக்கிரம் வற்றிவிட்டாலும் ஆபத்து. தலைப்பிரட்டை தவளையாக மாற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். குறைந்தது 195 நாள் தண்ணீர் நிற்க வேண்டும் என்று அரசு ஆவணமே குறிப்பிடுகிறது. மழை பொய்த்த வருஷங்களில் ஒரு தலைமுறை முழுக்கச் சேற்றிலேயே காய்ந்துபோயிருக்கிறது. எல்லா உயிரும் ஒரே குளத்தை நம்பியிருக்கும்போது இப்படிப்பட்ட வருஷங்கள் அடுத்தடுத்து வந்தால் இனமே முடிந்துபோகலாம். காப்பகத்தில் ஒரு கூட்டத்தைத் தனியாக வளர்த்துவைக்க வேண்டியிருப்பது அதனால்தான். மெம்பிஸ், ஒமாஹா போன்ற நகரங்களின் உயிரியல் பூங்காக்கள் அந்தப் பொறுப்பை ஏற்றன.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. காப்பகத்தில் தவளைகள் நன்றாகச் சாப்பிட்டன, வளர்ந்தன, ஆனால் இனம் பெருக்கவில்லை. புயலுக்கு முன் விழும் காற்றழுத்தம், குளிர்ந்த மண், முதல் மழையின் ஈரம், தூரத்துக் குட்டையிலிருந்து கேட்கும் குரல் எல்லாம் சேர்ந்து தவளையின் மூளைக்குச் சொல்கிற சேதியைக் கண்ணாடித் தொட்டிக்குள் யாராலும் முழுதாக உண்டாக்க முடியவில்லை. எனவே அந்தச் சேதியை ஊசி மருந்தாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஹார்மோன் வந்த வழி

மறுநாள் ஹாட்டிஸ்பர்க், லாரல், மெரிடியன் வழியாக வடக்கே ஸ்டார்க்வில் நோக்கிப் புறப்பட்டேன். கல்ஃப்போர்ட்டிலிருந்து கணக்கிட்டால் நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் பாதை. வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை விற்றார்கள். சுடச்சுட ஒரு பை வாங்கிக்கொண்டேன். மெரிடியனைத் தாண்டியதும் பைன் காடு குறைந்து புல்வெளிகளும் மாடுகளும் வந்தன.

ஓட்டிக்கொண்டே எண்ணிப் பார்த்தால் இந்த மருந்தின் கதையே ஒரு நீண்ட பயணம்தான். தவளைகளுக்குக் கொடுக்கும் முக்கியமான ஹார்மோன்களில் ஒன்று எச்.சி.ஜி. கருவுற்ற பெண்ணின் உடலில் நஞ்சுக்கொடி சுரப்பது, சிறுநீரில் வெளியேறுவது. இன்று வீட்டிலேயே செய்துகொள்ளும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடு விழுவது இந்த ஹார்மோனால்தான். அந்தப் பட்டை வருவதற்கு முன் அதன் வேலையைத் தவளைதான் செய்தது. 1930களில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், லான்சலாட் ஹாக்பென் தொடங்கிவைத்த ஆய்வுகளின் வழியே, ஜெனோபஸ் என்னும் நகத்தவளையின் உடம்பில் பெண்ணின் சிறுநீரைச் செலுத்தினால், அவள் கருவுற்றிருக்கும் பட்சத்தில் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும் என்று கண்டுகொண்டார்கள். 1947இல் அர்ஜென்டினாவில் கார்லோஸ் காலி மைனினி ஆண் தேரையை வைத்து இதே சோதனையைச் செய்தார். தேரையின் சிறுநீரில் விந்தணு தெரிந்தால் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று அர்த்தம். 1960களில் எதிர்ப்பொருள் முறைப் பரிசோதனைகள் வரும் வரை உலகின் பல மருத்துவமனைகளில் தவளைகளும் தேரைகளும் இப்படி உழைத்தன.

எத்தனையோ குடும்பங்களுக்கு நல்ல செய்தி சொன்ன உயிரினம் இது. அதன் உறவினங்கள் அழியும் நேரத்தில் அதே ஹார்மோனை அவற்றுக்கே திருப்பிக் கொடுத்துக் காப்பாற்ற முயல்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் நியாயமான ஒரு கைம்மாறாகத் தோன்றுகிறது.

ஆண் தவளையிடம் இது சுலபமாகவே பலிக்கிறது. ஒரு ஊசி போட்டால் சில மணி நேரத்தில் சிறுநீரோடு விந்தணு வருகிறது. பெண்ணிடம்தான் கைகூடுவதில்லை. ஒரே அளவு மருந்தை ஒரே எடையுள்ள இரண்டு பெண் தவளைகளுக்குக் கொடுத்தால் ஒன்று முட்டையிடும். இன்னொன்று சும்மா இருக்கும். ஏன் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடிவதில்லை.

வயிற்றுக்குள் ஒரு பார்வை

ஸ்டார்க்வில் ஒரு பல்கலைக்கழக ஊர். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகமும் அதன் கால்நடை மருத்துவக் கல்லூரியும்தான் அதன் உயிர். டஸ்கி கோஃபர் தவளைக்கு அல்ட்ராசவுண்டின் துணையோடு ஹார்மோன் கொடுக்கும் முறையை வகுத்து 2018இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது இந்தப் பல்கலைக்கழகத்தின் குழுதான். அழிவின் விளிம்பில் உள்ள தவளையைப் பார்வையாளர்கள் முன் கையாள்வது சரியில்லை என்பதால், இந்தப் பக்கத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபவுலர் தேரை ஒன்றை ஸ்கேன் செய்வதைப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது.

அறை சிறியது, ஈரக்காற்று. வரிசையாகப் பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஈரப்பாசி, ஒரு தண்ணீர்த் தட்டு, மறைந்துகொள்ள ஒரு கவிழ்த்த சட்டி. ஆய்வு மாணவி பொடி தடவாத கையுறையைப் போட்டு, அதைக் குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்துக்கொண்டார். உலர்ந்த கையுறை தேரையின் தோல்மேல் இருக்கும் வழவழப்பை எடுத்துவிடும் என்றார். தொட்டியிலிருந்து ஒரு பெண் தேரையை எடுத்து, மேலே மூடி போட்ட ஒரு டப்பாவில் வைத்துத் தராசில் நிறுத்தினார். எண்ணைக் குறித்துக்கொண்டு கையில் எடுத்ததும் தேரை சிறுநீர் கழித்தது. உடனே மறுபடியும் தராசில் வைத்தார். எடை நன்றாகக் குறைந்திருந்தது.

“முதல் எடையை நம்பி மருந்து கணக்குப் போட்டிருந்தால் தண்ணீருக்கும் சேர்த்து ஊசி போட்டிருப்போம்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் பிரச்சினையின் பாதி அடங்கியிருக்கிறது. தவளைகளும் தேரைகளும் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சி, சிறுநீர்ப்பையில் சேமித்து வைக்கின்றன. ஆகவே நீர் நிறைந்த தேரையும் நீர் வற்றிய தேரையும் ஒரே விலங்காக இருந்தாலும் தராசுக்கு வேறு வேறு. தவளை, தேரை ஆய்வுகளில் பழகிப்போன ஒரு மருந்தளவு, உடல் எடையில் கிராமுக்கு 13.5 சர்வதேச அலகு எச்.சி.ஜி. ஒரு தவளை 60 கிராம் என்று வைத்துக்கொண்டால் 810 அலகு வரும். அந்த 60இல் 10 கிராம் வெறும் தண்ணீர் என்றால் 135 அலகு அதிகமாகப் போய்ச் சேரும். இன்னொரு பெண்ணின் 60 கிராமில் கணிசமான பங்கு முட்டையாக இருக்கலாம். மூன்றாவதில் அது கொழுப்பாக இருக்கலாம். மூன்றுக்கும் தராசு ஒரே எண்ணைத்தான் காட்டும்.

மாணவி தேரையின் முதுகைத் தன் இடது உள்ளங்கையில் சாய்த்து, பின்கால்களை விரல்களுக்கிடையே மெல்லப் பிடித்துக்கொண்டார். மயக்க மருந்து எதுவும் இல்லை. வெளிறிய வயிற்றில் ஒரு துளி ஜெல் வைத்து, ஸ்கேன் கருவியின் முனையை அதன்மேல் படவைத்தார். அழுத்தவே இல்லை. தவளை வகைகளின் உடல் ஸ்கேனுக்கு வாட்டமானது. ரோமம் கிடையாது, செதில் கிடையாது, வயிற்றைச் சுற்றி விலா எலும்புக் கூடும் கிடையாது. மெல்லிய ஈரத்தோலைத் தாண்டினால் நேராக உள்ளுறுப்புகள். உடம்பு சிறியதாக இருப்பதால் ஒலி அதிக ஆழம் போகத் தேவையில்லை. எனவே அதிர்வெண் கூடிய ஒலியைப் பயன்படுத்தலாம். படம் அந்த அளவுக்குத் துலக்கமாக வரும்.

திரையில் முதலில் தெரிந்தது ஒரு கருங்குழி. சிறுநீர்ப்பை. திரவம் ஒலியைத் திருப்பி அனுப்பாததால் கறுப்பாகத் தெரிகிறது. முனையை ஒரு நூல் அளவு பக்கவாட்டில் சாய்த்ததும், கருங்குழியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வந்தது. அதில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள், சில பெரியவை, பல சிறியவை. அவைதாம் சினைப்பையில் வளர்ந்துகொண்டிருக்கும் முட்டைகள். மஞ்சள் கரு சேரச் சேர முட்டை அடர்த்தியாகி ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். திரையில் வெளுப்புக் கூடும். படத்தை உறையவைத்து, தேரையின் எண்ணோடு சேமித்துவிட்டு, முந்தைய படங்களை அருகில் திறந்தார். அதே தேரையின் முன்னொரு நாள் படத்தில் புள்ளிகளே இல்லை. அடுத்ததில் தூவலாகச் சில. இப்போது கொஞ்சம் நெருக்கம்.

“எத்தனை முட்டை இருக்கும்?” என்று கேட்டேன்.

“எண்ணிக்கை பார்ப்பதில்லை. எந்தப் படியில் இருக்கிறாள் என்று பார்க்கிறோம். இவளுக்கு இன்னும் நேரம் வரவில்லை. இன்று ஊசி போட்டால் ஊசியும் வீண், இவளுக்கும் தொந்தரவு.”

தேரையின் வயிற்றிலிருந்த ஜெல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தோலில் படுகிற எதுவும் உள்ளே போகக்கூடிய விலங்கு இது. ஒரு துளி ஜெல்லைக்கூட விட்டுவைப்பதில்லை. தொட்டியில் விட்டதும் தேரை சட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த தேரை வேறு கதை சொன்னது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இடைவெளியின்றி நிறைந்திருந்தன. சிறுநீர்ப்பையே ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கே வேறுபாடு புரிந்தது. தராசில் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

எத்தனை, எப்போது

இந்தப் படிநிலைகளை வைத்து மருந்துத் திட்டம் எப்படி மாறுகிறது என்பதை மாணவி விளக்கினார். பெண் தவளைக்கு மருந்து பெரும்பாலும் இரண்டு கட்டமாகப் போகிறது. முதலில் ஆயத்த ஊசி. குறைந்த அளவு ஹார்மோன். சினைப்பையில் இருக்கும் முட்டைகளை முதிர வைப்பது அதன் வேலை. சில நாள் கழித்து முட்டையை வெளியேற்றும் ஊசி. இதில் எச்.சி.ஜி.யோடு, மூளை பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்பும் ஹார்மோனைப் போலச் செயல்படும் ஜி.என்.ஆர்.எச். மருந்தையும் சேர்ப்பதுண்டு. அது எடையில் கிராமுக்கு மைக்ரோகிராமிலும் சிறு பங்குதான்.

ஸ்கேன் இல்லாத காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அட்டவணை. முட்டை இன்னும் வளராதவளுக்கும் வெளியேற்றும் ஊசி போகும். உடம்பு அதற்கு எந்தப் பதிலும் தராது. பதில் வரவில்லையே என்று அளவைக் கூட்டுவார்கள். கூட்டியும் பலன் இருக்காது, ஏனென்றால் வெளியேற அங்கே ஒன்றும் இல்லை. மறுபுறம், முட்டை முற்றி நிற்பவளுக்கு ஆயத்த ஊசிகளைப் போட்டுக்கொண்டே நாள் கடத்தினால் முட்டை பழுதாகலாம்; உடம்பு அவற்றைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டு பக்கமும் இழப்பு ஒரு பருவம் முழுக்க. மீண்டும் முட்டை நிறைய அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். காட்டில் நூறு தவளை வரை சுருங்கிப்போன இனத்தில் ஒரு பெண்ணின் ஒரு பருவத்தை இழப்பது மிகப் பெரிய இழப்பு.

ஸ்கேன் வந்தபின் கேள்வியின் வரிசை மாறுகிறது. முதலில் இவள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று பார்க்கிறார்கள். ஒன்றும் தெரியாத சினைப்பை என்றால் மருந்து வேண்டாம். உணவு, வெப்பம், ஓய்வு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பாதி வளர்ந்திருந்தால் ஆயத்த ஊசி, பிறகு மறுபடி ஸ்கேன். நிறைந்திருந்தால் நேராக வெளியேற்றும் ஊசி. ஊசி போட்டபின்னும் பார்க்கலாம். சினைப்பையை விட்டு முட்டைக்குழாய்க்குள் முட்டைகள் இறங்கிவிட்டனவா என்று திரையில் தேடலாம். இறங்கிவிட்டால் விரலால் வயிற்றை மெல்லத் தடவி முட்டைகளைத் தட்டில் வாங்கிக்கொள்வார்கள்.

அதற்குள் பக்கத்து மேசையில் ஓர் ஆண் தேரையை ஒருவர் பெட்ரி தட்டின்மேல் பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் ஊசி போட்டது. இரண்டு மூன்று சொட்டு விழுந்ததும் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வட்ட வெளிச்சத்துக்குள் மெல்லிய நூல்கள் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தன. இவற்றைத் தட்டில் இருக்கும் முட்டைகள்மேல் விட்டுச் சில நிமிடம் கழித்துத் தண்ணீர் ஊற்றினால் கருவுறுதல் அங்கேயே நடந்துவிடும். விந்தணுவை உறையவைத்துப் பல ஆண்டுகள் கழித்தும் பயன்படுத்தலாம். ஒரு குளத்து ஆணையும் வெகு தொலைவில் இருக்கும் ஒரு பெண்ணையும் அவற்றை இடம் மாற்றாமலே பெற்றோராக்க முடியும். ஒரே குளத்தில் சுருங்கிப்போன இனத்துக்கு இரத்தக் கலப்பு எவ்வளவு அவசியம் என்று நினைத்தால் இதன் மதிப்பு புரியும்.

டஸ்கி கோஃபர் தவளையில் இந்த வழியில் முட்டை பெற்று, வெளியே கருவுறச் செய்து, தலைப்பிரட்டைகளை வளர்த்திருக்கிறார்கள். இந்த மாதிரி வெற்றி செய்திகளில் பெரிதாக வருவதில்லை. அதே 2018இல் இந்தத் தவளை அமெரிக்கா முழுக்கச் செய்தியில் அடிபட்டது வேறு காரணத்துக்காக. லூசியானாவில் தனியார் வசம் இருந்த 1,544 ஏக்கர் நிலத்தைத் தவளையின் இன்றியமையாத வாழிடமாக அரசு குறித்திருந்தது. நில உரிமையாளர்களும் வேயர்ஹாயூசர் என்ற மர நிறுவனமும் வழக்குப் போட்டார்கள். தவளை இப்போது இல்லாத, மாற்றம் செய்யாமல் வாழவும் முடியாத இடத்தை வாழிடம் என்று சொல்லலாமா என்பது கேள்வி. உச்ச நீதிமன்றம் அந்த நவம்பரில் வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு லூசியானா நிலம் பட்டியலிலிருந்து நீங்கியது. குட்டைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. தவளை போக வழியில்லை.

ஊசியின் இடம், தோலின் வாசல்

மதியம் கால்நடை மருத்துவர் ஒருவரோடு காபி குடித்தபடி பேசியதில் விஷயம் ஹார்மோனைத் தாண்டி விரிந்தது. தவளைக்கு மருந்து கொடுப்பதில் எடைக்கு அடுத்த சிக்கல் வழி. நாய்க்கும் பூனைக்கும் தொடையில் ஊசி போடுவது போலத் தவளைக்குப் போடத் தயங்குவார்கள். காரணம் அதன் இரத்த ஓட்டம். பின்கால்களிலிருந்து திரும்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. ஒரு கிளை சிறுநீரகங்களுக்குள் நுழைகிறது. இன்னொரு கிளை வயிற்றின் நடுச்சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. பின்காலில் போட்ட மருந்து உடம்பெங்கும் பரவுவதற்கு முன்பே சிறுநீரகம் அதைக் கழித்துவிடலாம், அல்லது கல்லீரல் சிதைத்துவிடலாம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து என்றால் அது முழுச் செறிவோடு போய் அங்கேயே தாக்கலாம். எனவே முன்கால் பக்கம் போடச் சொல்வது பழைய நடைமுறை.

எந்தக் கிளையில் எவ்வளவு போகிறது என்பதை உடற்கூறு நூலில் வரைந்த படம் சொல்லாது. உயிருள்ள உடம்பில் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். பச்சை இகுவானாவில் இப்படிச் சாயத்தைச் செலுத்தித் தொடர் எக்ஸ்ரே படங்களால் பாதையை வரைந்த ஆய்வு 1999இலேயே வந்தது. சாயம் ஏற்றிய சி.டி. ஸ்கேன் அதே கேள்வியை முப்பரிமாணத்தில் கேட்க வழிசெய்கிறது. ஊசி போட்ட இடத்திலிருந்து சாயம் எந்தச் சிரை வழியாக, எந்த உறுப்புக்கு, எத்தனை விநாடியில் போகிறது என்று படம் படமாகப் பார்க்கலாம்.

தோல் வழி மருந்து இன்னொரு உலகம். தவளையின் தோல் நீரையும் உப்பையும் காற்றையும் உள்ளே விடும் வாசல். கைட்ரிட் என்ற பூஞ்சை உலகெங்கும் தவளைகளைக் கொன்று குவிப்பது இந்த வாசலைக் கெடுத்துத்தான். உடம்பின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடுகிறது. அதற்கு மருந்தும் இதே வாசல் வழியாகப் போகிறது. இட்ராகொனசோல் கலந்த தண்ணீரில் தினம் சில நிமிடம் தவளையைக் குளிப்பாட்டுவார்கள். முதலில் 0.01 சதவீதக் கரைசல் வழக்கத்தில் இருந்தது. சில இனங்களுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டு, பிறகு 0.0025 சதவீதம் வரை குறைத்துப் பலன் பெற்றார்கள். மயக்க மருந்தையும் தண்ணீரில் கரைத்தே கொடுக்கிறார்கள். வெப்பம் ஏற இறங்க உடம்பு மருந்தைக் கையாளும் வேகமும் மாறும். அதனால் அறையின் வெப்பநிலையையும் மருந்துச் சீட்டில் எழுதவேண்டிய நோயாளி இது.

கையோடு கொண்டுவந்த எண்ணம்

மாலையில் ஊரை விட்டுக் கிளம்பும்போது என் மனத்தில் தெளிவாக நின்றது ஒன்று. இதுவரை நாம் தவளைக்கு மருந்து கொடுத்தது, பெரும்பாலும், நமக்குத் தெரிந்த விலங்கு ஒன்றைச் சிறிதாக்கிக் கணக்குப் போட்டுத்தான். ஆனால் தவளைக்குத் தண்ணீர் சேமிக்கும் பை உண்டு, சுவாசிக்கும் தோல் உண்டு, இரத்தத்துக்கு வேறு சுற்றுவழி உண்டு, மழையைப் பார்த்து முதிரும் முட்டை உண்டு. இவற்றில் எதையும் தராசு காட்டாது. உள்ளே பார்க்காமல் போடும் ஊசியில் தவறு செய்யும் உரிமை, ஆயிரக்கணக்கில் இருக்கும் இனத்திடம் வேண்டுமானால் நமக்கு இருக்கலாம். நூறு வரை சுருங்கிப்போன இனத்திடம் கிடையாது.

ஸ்கேன் மட்டுமே இந்தத் தவளையைக் காப்பாற்றிவிடாது என்பதை டி சோட்டோ காட்டில் பார்த்தேன். தீ வைக்க ஆளும் பணமும் வேண்டும், மீன் நுழையாத குட்டைகள் பல வேண்டும், ஆமை வளைகள் வேண்டும், வளைக்கும் குட்டைக்கும் நடுவே சாலையும் கட்டடமும் குறுக்கிடாத நிலம் வேண்டும். ஆனால் நிலம் தயாராகும்போது அங்கே விட உயிர் வேண்டும் அல்லவா? அந்த உயிர் காப்பகத்தில், சரியான நேரத்தில் சரியான அளவு மருந்து பெற்ற ஒரு பெண் தவளையிடமிருந்துதான் வரும்.

கையில் எடுத்துச் செல்லும் அளவுக்கு ஸ்கேன் கருவிகள் இன்று சிறிதாகிவிட்டன. விலையும் முன்போல இல்லை. அழியும் நிலையில் உள்ள தவளைகளை வளர்க்கும் ஒவ்வொரு காப்பகமும் ஊசிக்கு முன் ஸ்கேன் என்பதைக் கட்டாய விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தளவுப் பட்டியலில் உடல் எடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சினைப்பை எந்தப் படியில் இருந்தது, சிறுநீர்ப்பை நிறைந்திருந்ததா, ஊசி எங்கே போடப்பட்டது, வெப்பம் எவ்வளவு என்பவற்றுக்கும் அதில் கட்டங்கள் சேர வேண்டும். பலிக்காமல் போன ஊசிகளின் படங்களும் பலித்தவற்றின் படங்களோடு சேர்த்துப் பகிரப்பட வேண்டும். ஒரு இனத்துக்காகச் சேரும் அந்த ஏடு, அடுத்து ஆபத்துக்குள்ளாகும் இனத்துக்கு முதல் நாளிலேயே உதவும்.